ஊரையே பாறையில் நிற்க வைத்தவர்

செய்தி வந்தபோது நான் தங்கப்பாண்டி அண்ணனைத் திட்டிக்கொண்டிருந்தேன். மனதுக்குள் அல்ல, வாய்விட்டு. பண்ணைக்காடு கடைவீதியில் இருக்கும் என் இ-சேவை மையத்தில் அன்று காலை மின்சாரமும் இருந்தது, சர்வரும் வேலை செய்தது. இரண்டும் ஒன்றாக வாய்ப்பது எங்கள் மலையில் அபூர்வம். சூறைக்காற்றில் சாய்ந்த மலைவாழைக்கு அரசு தரும் நிவாரணத்துக்கு அவர் ஊரிலிருந்து முடிக்க வேண்டிய விண்ணப்பம் ஒன்றே ஒன்றுதான் மிச்சம். அது அவருடையது. கெடு நெருங்கிவிட்டது. "வெள்ளனே வந்துருவேன் தங்கச்சி, நீ கடையத் தொறந்து வையி" என்று முந்தின நாள் சொல்லிவிட்டுப் போன மனிதர், வெயில் ஏறியும் வரவில்லை.

"ஊர்ச் சோலின்னா ஓடுவாரு, சொந்தச் சோலின்னா மட்டும் இவருக்குக் கால் நகராது" என்று வரிசையில் நின்றவர்களிடம் நான் சத்தம் போட்டுக்கொண்டிருக்கும்போதுதான் ஜீப் ஓட்டும் முருகேசன் படியேறி வந்தான்.

"அக்கா, செக்ரட்டரி எறந்துட்டாரு. வாழைத் தோட்டத்துல நெஞ்சப் புடிச்சுக்கிட்டு ஒக்காந்தாராம். வத்தலக்குண்டு ஆசுபத்திரிக்கு வெரசாத்தான் எறக்குனேன். பாதி மலையிலயே முடிஞ்சிருச்சுக்கா."

செக்ரட்டரி என்றால் தங்கப்பாண்டி அண்ணன்தான். அழுகை பிறகு வந்தது. முதலில் வந்தது கோபம்தான். ஊரில் அத்தனை பேருடைய விண்ணப்பத்தையும் முடித்துக் கொடுத்துவிட்டுத் தன்னுடையதை மட்டும் அந்தரத்தில் விட்டுவிட்டுப் போக இந்த ஒரு மனிதரால்தான் முடியும். அவர் மனைவி பேச்சி அக்காவின் நகையைக் கூட்டுறவு வங்கியில் அடகு வைத்துத்தான் அவர்கள் மறுபடியும் வாழைக்கன்று நட்டிருந்தார்கள். நிவாரணம் வந்தால் நகையை மீட்கலாம், வராவிட்டால் ஏலம். இது அவருக்குத் தெரியாதா? என்னைவிட நன்றாகத் தெரியும்.

மலைவாழை விவசாயிகள் சங்கத்தின் சார்பில் அவர் நினைவாகப் போடும் சிறு மலருக்கு என்னையும் எழுதச் சொன்னீர்கள். "நல்லதா நாலு வார்த்த எழுதுங்க" என்றும் சேர்த்துச் சொன்னீர்கள். நீங்கள் எல்லோரும் அவரை அறிந்தவர்கள். அவரைப் பற்றி நல்ல வார்த்தையை மட்டும் எழுதினால் அது வேறு யாரோ ஒருவரைப் பற்றி எழுதியதாக ஆகிவிடும். எனவே என் வழியிலேயே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவர் முதன்முதலில் என் மையத்துக்கு வந்தது ஒரு வயர்கூடையோடு. கூடைக்குள் வெற்றிலையோ காய்கறியோ இல்லை. கூடை நிறையச் செல்போன்கள். ஆதார் இணைக்க வேண்டும் என்றால் அவரவர் போனுக்கு ஒரு எண் வரும், அதைச் சொல்ல வேண்டும். மேலே அவர் ஊரில் போன் மணி அடிக்காது. ஆள் இறங்கி வந்தால் அன்றைய கூலி போச்சு. அதனால் அண்ணன் கண்டுபிடித்த வழி, ஆட்களை மேலேயே விட்டுவிட்டுப் போன்களை மட்டும் கூட்டிக்கொண்டு வருவது. மையத்துக்குள் நுழைந்ததும் கூடை முழுவதும் ஒரே நேரத்தில் அலற ஆரம்பித்தது. திருப்பூரிலிருந்து மகன்கள், கோயம்புத்தூரிலிருந்து மருமகள்கள், வட்டிக்காரர்கள். அத்தனைக்கும் அவர் பதில் சொன்னார். "ஒங்கப்பன் நல்லாத்தான் இருக்கான். முட்டி வலிக்குதுன்னு சொன்னான், தைலம் வாங்கிக் குடுத்திருக்கேன். நீ பணம் அனுப்புறதப் பாரு." அடுத்த போன். "அவ இப்போ களையெடுக்கப் போயிருக்கா. என்னது, சண்டையா? சண்டையெல்லாம் ராத்திரிக்குப் போட்டுக்க, இப்போ எண்ணு வரப்போகுது, வையி."

அன்று எனக்கு வேறு ஒருத்தருடைய வேலையும் ஓடவில்லை. தலைவலிதான் மிச்சம். இனி கூடையோடு வரக்கூடாது என்று சொன்னேன். மறுவாரம் சாக்குப்பையோடு வந்தார்.

செயலாளர் பதவியை அவர் ஆசைப்பட்டு வாங்கவில்லை. சங்கம் ஆரம்பித்த கூட்டத்தில் யாரும் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருக்க, இவர் மட்டும் எழுந்து எதையோ குறை சொல்லியிருக்கிறார். குறை சொன்னவரையே செயலாளராகப் போட்டுவிட்டார்கள். அதன் பிறகு மிளகுக்கொடிக்கு மானியம், சொட்டுநீருக்கு மானியம், காப்பிக்கு மருந்து அடிக்கும் கருவிக்கு மானியம் என்று அரசு எதைச் சொன்னாலும் அதற்கு ஒரு ஆள் தேவைப்பட்டது. ஆளும் சிக்கிவிட்டது. நாளடைவில் அவருடைய பெயரே மறைந்து எல்லோருக்கும் 'செக்ரட்டரி' ஆகிவிட்டார். பேச்சி அக்காகூட அப்படித்தான் சொல்வார், வெறுப்பேற்றுவதற்காக.

எந்த அலுவலகத்துக்குப் போனாலும் அவரிடம் ஒரு சட்டம் இருந்தது. "வாயால சொல்ற 'இல்ல' செல்லாது தங்கச்சி. இல்லைன்னு எழுதிக் குடுக்கச் சொல்லு, வாங்கிக்கிட்டுப் போறேன்." எந்த எழுத்தர் இல்லையென்று எழுதிக் கொடுப்பார்? அதனால் எல்லாக் காரியமும் நடக்காமலும் இருக்கும், ஒரேயடியாக முடிந்துபோகாமலும் இருக்கும். நடுவில் மாட்டிக்கொண்டு மறுபடி மறுபடி தட்டச்சு செய்வது நான்.

அவருடைய தோட்டத்துப் பட்டா வெகுகாலம் தாத்தா பெயரில்தான் இருந்தது. எங்கள் மலையில் பாதித் தோட்டம் அப்படித்தான் கிடக்கிறது. அண்ணன் தம்பிகள் ஓடையைக் காட்டி, பாறையைக் காட்டி, வாயாலேயே பாகம் பிரித்துக்கொள்வார்கள். பத்திரம், பட்டா எல்லாம் யாருக்கும் நினைவில் இருக்காது, மானியம் என்று ஒன்று வரும்வரைக்கும். ஒருமுறை அலுவலகத்தில், "பட்டாதாரர் நேர்ல வந்து கையெழுத்துப் போடணும்" என்று சொல்லியிருக்கிறார்கள். அண்ணன் சளைக்கவில்லை. "பட்டாதாரரு எங்க தாத்தாங்க. தோட்டத்துலதான் பொதைச்சிருக்கு. நீங்க மையும் பேனாவும் எடுத்துக்கிட்டு வாங்க, எடத்தக் காட்டுறேன்" என்றிருக்கிறார். அந்த எழுத்தர் சிரிக்கவில்லை. கோப்பு அலமாரிக்குள் போய் அடுத்த அறுவடை வரை வெளியே வரவில்லை. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருந்தால் அந்த வருடமே மானியம் வந்திருக்கும் என்று நான் சொன்னேன். "சிரிக்கத் தெரியாதவன் குடுத்துட்டாலும்" என்றார்.

இனி பாறைக் கதைக்கு வருகிறேன். இதை எழுதாமல் விட்டால் நீங்களே எழுந்து நின்று கேட்பீர்கள்.

சூறைக்காற்று ஒரே ராத்திரியில் மேலே இருந்த வாழையை எல்லாம் படுக்கப் போட்டது. குலை தள்ளிய மரம், கன்று, எதையும் விடவில்லை. நிவாரணம் தருவோம் என்று அரசு அறிவித்தது. ஒவ்வொரு விவசாயியும் தன் நிலத்தில் நிற்க, செயலி ஒன்றின் வழியாகப் போனில் படம் எடுத்து அனுப்ப வேண்டும். படத்தோடு இடமும் தானாகப் பதிவாகிவிடும். இதற்காகக் கொடைக்கானலில் ஒருநாள் பயிற்சி வைத்தார்கள். சங்கத்திலிருந்து அண்ணன் போய்விட்டு, எல்லாம் தெரிந்தவராகத் திரும்பினார்.

சிக்கல் ஒன்றுதான். படம் எடுத்த உடனே அனுப்ப வேண்டும், அனுப்ப சிக்னல் வேண்டும். அவர் ஊரில் சிக்னல் கிடைப்பது ஜீப் பாதை வளைவில் இருக்கும் ஒரு பாறையின் மேல் மட்டும். டவர் பாறை என்று அதற்குப் பெயரே வைத்துவிட்டார்கள். பிள்ளைகளோடு பேச, பெண் பார்க்கும் சேதி சொல்ல, எல்லாவற்றுக்கும் அந்தப் பாறைதான். அண்ணன் யோசித்தார். அவர் யோசித்தால் ஊருக்கு என்ன ஆகும் என்று தெரிந்தும் யாரும் தடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் எல்லோரும் வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு டவர் பாறைக்கு வந்துவிட வேண்டும் என்று அறிவித்துவிட்டார். ஆதார் எண்ணைத் தட்டுவதற்கு ஆள் வேண்டுமென்று என்னையும் முருகேசன் ஜீப்பில் ஏற்றிவிட்டார்.

போய்ப் பார்த்தால் திருவிழா. ஒருவர் டீ போட்டு விற்கிறார். பெண்கள் பூ வைத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள். வாழை விவசாயி என்பதற்கு அடையாளமாக ஒரு வாழைக்கன்றைக் கையில் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பது அண்ணனின் சொந்த ஏற்பாடு. ஒரே கன்று. அதை ஒவ்வொருவராக வாங்கிப் பிடித்துக்கொண்டு பாறையில் ஏறி நின்றார்கள். மத்தியானத்துக்குள் கன்று துவண்டுவிட்டது, கடைசியில் நின்றவர்கள் பிணத்தைத் தூக்கிப் பிடித்த மாதிரிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

"அண்ணே, அவங்கவங்க நெலத்துல நின்னுதான எடுக்கச் சொன்னாங்க? இது சரிப்படாதுண்ணே" என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன், அங்கே நின்ற அத்தனை பேருக்கும் கேட்டது.

"ஆளு இருக்கா? இருக்கு. வாழ இருக்கா? இருக்கு. பின்னாடி மரம் தெரியுதா? தெரியுது. இதுக்கு மேல அவனுக்கு என்ன வேணும்? ஏலே ஆரோக்கியம், நீ ஏறுடா."

அரசுக்கு வேண்டியது இடம்தான். ஊர் முழுவதற்கும் ஒரே இடம் பதிவாகியிருந்தது. அதுவும் பட்டா நிலம் அல்ல, அந்தப் பாறை வனத்துறைக்குச் சொந்தம். எல்லா விண்ணப்பங்களும் மொத்தமாக நிராகரிக்கப்பட்டன. அத்தோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. காப்புக்காட்டை ஆக்கிரமித்து விவசாயம் செய்கிறார்களா என்று விசாரிக்க ஆள் அனுப்பிவிட்டார்கள். தோட்டக்கலை அலுவலகத்திலிருந்து ஒரு இளம்பெண் அதிகாரி வரைபடத்தோடு வந்து பாறையைப் பார்த்தார், ஊரைப் பார்த்தார். "இத்தனை பேரும் இந்தப் பாறை மேலயா வாழை போட்டிருக்கீங்க?" என்று கேட்டார்.

"பாறையில டவர் மட்டுந்தாம்மா வெளையுது" என்றார் அண்ணன். அந்தப் பெண் சிரித்துவிட்டார். ஊர் சிரிக்கவில்லை.

ஆரோக்கியம் நிவாரணத்தை நம்பி மிளகு வியாபாரியிடம் முன்பணம் வாங்கியிருந்தான். வியாபாரி கேட்டு வந்தபோது, காய்த்துக்கொண்டிருந்த மிளகைக் கொடியோடு கைகாட்டிக் கொடுக்க வேண்டியதாயிற்று. அன்று சாயங்காலம் என் மையத்து வாசலில், கடைவீதியே பார்க்க, அவன் அண்ணனைக் கேட்ட கேள்விகளை இங்கே எழுத முடியாது. எழுதக்கூடியது ஒன்று மட்டும்: "ஒனக்கு யாருய்யா இந்த அதிகாரம் குடுத்தது? ஊரயே கூட்டிக்கிட்டுப் போயிப் பாறையில நிக்க வச்சிட்டியே!" அண்ணன் மன்னிப்புக் கேட்கவில்லை. அந்தப் பழக்கமே அவரிடம் கிடையாது. தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறி மறுபடி போட்டுக்கொண்டு, "நான் சரி பண்ணித் தாரேன்" என்றார். அவ்வளவுதான்.

அதிலிருந்து திங்கட்கிழமைகள் தொடங்கின. திண்டுக்கல் கலெக்டர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டம். முதல் பஸ்ஸில் இறங்கி, வரிசையில் நின்று, மனுக் கொடுத்து, ரசீது வாங்கிக்கொண்டு, இருட்டும் நேரத்தில் மலையேறுவார். மனு 'உரிய துறைக்கு அனுப்பி வைக்கப்பட்டது' என்று பதில் வரும். உரிய துறை, 'மேல்நடவடிக்கைக்காக' இன்னொரு துறைக்கு அனுப்பும். அது சுற்றிச் சுற்றி, பாறைக்கு வந்த அந்த இளம்பெண்ணின் மேசைக்கே வந்து சேரும். அவருக்கோ ஒருமுறை நிராகரித்ததைத் திறக்க அதிகாரம் இல்லை. "நம்ம மனு நம்மளவிட அதிகமா ஊரு சுத்துது" என்று அண்ணன் சொல்வார். அடுத்த திங்கட்கிழமை மறுபடியும் போவார். வாராவாரம் அந்த மனுவைத் தட்டச்சு செய்து கொடுத்தவள் என்ற முறையில் சொல்கிறேன், எனக்கு அதன் ஒவ்வொரு வரியும் மனப்பாடம். ஒரு கட்டத்தில் எரிச்சலில், "வாரம் முழுக்க அங்கயே பாய் போட்டுப் படுத்துக்கங்க, பஸ் செலவாவது மிச்சம்" என்றேன். "பாய் விட மாட்டாங்கெ, கேட்டுப் பாத்தேன்" என்றார்.

காற்று மரத்தைச் சாய்க்க ஒரு ராத்திரி போதும். சாய்ந்தது உண்மைதான் என்று ஒரு அரசு நம்புவதற்கு எத்தனை பேர் எத்தனை முறை மலையிறங்க வேண்டும்? கேட்டால் கணினி என்கிறார்கள். கணினியில் உட்கார்ந்திருப்பவள் நான். அது தானாக எதையும் மறுப்பதில்லை, மறுக்கச் சொன்னதை மறுக்கிறது. யார் சொன்னார்கள் என்று மட்டும் கடைசிவரை யாருக்கும் தெரிவதில்லை.

ஆனாலும் திறந்தார்கள். எந்தத் திங்கட்கிழமை யார் மனது இளகியதோ, நிராகரித்த விண்ணப்பங்களைத் திருத்த மறுவாய்ப்பு வந்தது. குறுகிய கெடு. இம்முறை புதுச் செயலி, சிக்னல் இல்லாத இடத்திலும் படத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், கீழே வந்து அனுப்பிக்கொள்ளலாம். இதை முதலிலேயே செய்திருந்தால் என்ன என்று கேட்காதீர்கள், நானும் கேட்டுப் பார்த்துவிட்டேன். கூடவே புதிதாக ஒரு தொல்லையையும் சேர்த்திருந்தார்கள். நிற்பது உயிருள்ள ஆள்தான் என்று உறுதிப்படுத்த, திரையில் சொல்லும்போது கண்ணைச் சிமிட்ட வேண்டும்.

சங்கத்துப் போனை எடுத்துக்கொண்டு அண்ணன் ஒவ்வொரு தோட்டமாக ஏறினார். அட்டைக்கடி, ஓடை, சரிவு, ஒன்றையும் பார்க்கவில்லை. ஏறும்போது மூச்சு வாங்குகிறது என்று பேச்சி அக்கா என்னிடம் சொன்னார், நான் அவரிடம் சொன்னேன், அவர் யார் சொன்னதையும் கேட்டுக்கொள்ளவில்லை. கண் சிமிட்டும் கதையை ஒருநாள் ஆரோக்கியத்தின் தோட்டத்தில் நானே பார்த்தேன். அவனுடைய அம்மா பெயரிலும் கொஞ்சம் நிலம். அந்தக் கிழவிக்குப் போனைக் கண்டால் சாமி கும்பிடுகிற பக்தி, கண்ணை மூடினால் திறப்பதில்லை.

"சிமிட்டு ஆத்தா! சிமிட்டுன்னா தூங்கச் சொல்லல! தொற, தொற, இப்போ மூடு. மூடுனவுடனே தொறக்கணும்!"

"ஒரு சோலியச் சொல்லுய்யா. தொறக்கவா, மூடவா?"

கடைசியில் அண்ணன் துண்டை எடுத்து அந்த அம்மாவின் முகத்துக்கு நேராக விசிறினார். கிழவி திடுக்கிட்டுச் சிமிட்டினாள். படம் விழுந்தது. ஆரோக்கியம் அன்றுதான், கடைவீதிச் சண்டைக்குப் பிறகு முதன்முறையாக, அவரிடம் பேசினான். "ஒரு வாய் காப்பி குடிச்சிட்டுப் போ" என்றான். அவ்வளவுதான் அவர்களுடைய சமாதானம்.

ஒவ்வொரு சாயங்காலமும் கீழே வந்து, பிடித்த படங்களை என் மையத்திலிருந்து அனுப்புவார். ஒவ்வொரு சாயங்காலமும் நான் கேட்பேன். "ஒங்களோடது எங்கண்ணே?"

"எனக்குக் கடைசி."

"ஒங்க தோட்டம் வீட்டுக்குப் பின்னாடிதான கெடக்கு? ஒரு எட்டு வச்சா முடிஞ்சுபோகும்."

"பாறையில ஏத்தி நிக்க வச்சவன் நான். மொதல்ல எனக்கு எடுத்துக்கிட்டேன்னா ஊரு என்ன சொல்லும்? எல்லாருக்கும் முடியட்டும்."

"ஊரு என்னமும் சொல்லட்டும். பேச்சி அக்கா நகையப் பத்தி யோசிச்சீங்களா?"

"அது எங்க போகப்போகுது, பேங்குல பத்திரமாக் கெடக்கு."

இப்படிப் பேசுகிறவரை என்ன செய்வது? எனக்கு அப்போதும் கோபம் வந்தது, இப்போது எழுதும்போதும் வருகிறது. இதை நேர்மை என்று நீங்கள் மலரில் எழுதுவீர்கள். நான் வறட்டுப் பிடிவாதம் என்று எழுதுகிறேன். ஊர் ஒரு வார்த்தை சொல்லிவிடுமோ என்ற பயத்துக்கு வீட்டில் இருப்பவளுடைய நகையையா பணயம் வைப்பது?

எல்லோருக்கும் முடிந்த மறுநாள் காலையில்தான் தன் தோட்டத்துக்குப் போனார், படம் எடுக்கப் பேச்சி அக்காவையும் கூட்டிக்கொண்டு. அக்கா அதற்கு முன் போனில் படம் எடுத்ததே இல்லை. அங்கே என்ன நடந்தது என்பதை அக்கா சொல்லி அறிந்ததைவிட, பிறகு அந்தப் போனைத் திறந்து அறிந்ததுதான் அதிகம். செயலிக்குள் போகாமல், சாதாரணக் கேமராவிலேயே அக்கா எடுத்துத் தள்ளியிருக்கிறார். முதல் படத்தில் அக்காவின் விரல். அடுத்ததில் மண். பிறகு வானமும் ஒரு வாழை இலையும். அதன் பிறகு அவர், இடுப்புக்குக் கீழே மட்டும். கடைசிப் படத்தில் முழு ஆளும் விழுந்திருந்தார். புதிதாக நட்ட கன்றுகளுக்கு நடுவே, வெள்ளைச் சட்டையில், ஒரு கையை நீட்டி, வாயை அகலத் திறந்துகொண்டு. "போன நிமுத்திப் புடிடி" என்று கத்திக்கொண்டிருந்தாராம். அது முடிந்து சற்று நேரத்தில் உட்கார்ந்துவிட்டார்.

துக்கம் கேட்க அந்த இளம்பெண் அதிகாரி வந்திருந்தார். அழுதிருந்தது முகத்தில் தெரிந்தது. நான் போனை எடுத்துக் காட்டினேன். "பாருங்க. ஆளு இருக்கு, நெலம் இருக்கு, வாழ இருக்கு. அவரு நெலத்துலதான் நிக்கிறாரு."

"செயலிக்குள்ள எடுத்திருக்கணும் மேடம். கேமராவுல எடுத்தத சிஸ்டம் ஏத்துக்காது" என்றார் மெதுவாக. "இனிமே வாரிசுச் சான்றிதழ் வாங்கி, பட்டாவ அம்மா பேருக்கு மாத்தி, புதுசா விண்ணப்பம் போடணும்."

"அதுக்குள்ள கெடு?"

"முடிஞ்சிடும்."

அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. யார் மேல் கோபப்பட வேண்டுமோ அவர் துக்கம் கேட்க வரமாட்டார்.

கருமாதிக்கு முந்தின நாள் பணம் வந்தது, மற்ற எல்லோருக்கும். பாறையில் நின்றிருந்த ஒருவருடைய போனில் முதலில் மணி அடித்தது, பிறகு ஊரே போனை எடுத்துக்கொண்டு பாறைக்கு ஓடியது. மறுநாள் படத்துக்கு மாலை போட்டீர்கள். சட்டத்துக்குள் இருந்தது நான் அச்செடுத்துக் கொடுத்த அந்தக் கடைசிப் படம்தான். துக்க வீட்டில் வாயைத் திறந்துகொண்டு கத்துகிற படத்தை மாட்டலாமா என்று சிலர் முகம் சுளித்தார்கள். வாயை மூடிக்கொண்டிருக்கும் படம் அவருக்கு ஆதார் அட்டையில் மட்டும்தான் இருந்தது. அது அவர் மாதிரியே இல்லை.

சாப்பாடு முடிந்ததும் ஆரோக்கியம் எழுந்து நின்றான். வந்த பணத்தில் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு, செக்ரட்டரிக்கு வர வேண்டிய பங்கை அக்காவிடம் கொடுத்து நகையை மீட்டுவிடலாம் என்றான். எல்லோரும் சரி என்றீர்கள். உள்ளபடி சொன்னால், உங்கள் மேல் எனக்கு மரியாதை வந்த நாள் அது. அக்கா உள்ளேயிருந்து எழுந்து வந்தார்.

"ஏலே ஆரோக்கியம், நீ குடுத்தா அது ஒன் காசு. அவரு ஒங்கிட்டயா மனுப் போட்டாரு?"

"அதில்லக்கா..."

"போட்ட எடத்துலருந்து வரட்டும். வராதுன்னா, வராதுன்னு எழுதிக் குடுக்கட்டும்."

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது. ஒருவர் போய்ச் சேர்ந்தார் என்று பார்த்தால் இன்னொருவர் கிளம்பிவிட்டார். நகை ஏலத்துக்குப் போய்விடும் என்று எடுத்துச் சொன்னேன், கெஞ்சினேன், திட்டினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அக்கா, "திண்டுக்கல்லுக்கு மொத பஸ்ஸு எத்தன மணிக்கு?" என்றார்.

போன திங்கட்கிழமை நானும் கூடப் போனேன். அக்காவுக்குப் படிக்கத் தெரியாது, மனு என் கையில் இருந்தது, வேறு வழி இல்லை. மனுவோடு அந்தப் படத்தையும் இணைத்திருந்தோம். நீண்ட வரிசை. மேசையில் இருந்தவர் படத்தைத் திருப்பிப் பார்த்து, "இது யாரும்மா?" என்றார். என் வீட்டுக்காரர் என்று அக்கா சொல்வார் என்று நினைத்தேன்.

"செக்ரட்டரிங்க" என்றார் அக்கா.

மேசைக்காரர் நிமிர்ந்தார். "வாராவாரம் வருவாரே, அவரா?" என்று கேட்டுவிட்டுப் படத்தை மறுபடியும் பார்த்தார். பிறகு முத்திரை குத்தி ரசீதைக் கொடுத்து, உரிய துறைக்கு அனுப்பி வைப்பதாகச் சொன்னார். அக்கா ரசீதை முந்தானையில் முடிந்துகொண்டார். பணம் வருமா என்று என்னைக் கேட்கவில்லை. பஸ் நிலையத்தில் எனக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, அடுத்த வாரம் ஜன்னலோரம் கிடைக்கிற மாதிரி இன்னும் வெள்ளனே வந்துவிட வேண்டும் என்றார்.

அவரிடமிருந்து எனக்கென்று என்ன வைத்துக்கொண்டேன் என்று சொல்லி முடிப்பதுதானே இம்மாதிரிக் கட்டுரைகளின் வழக்கம்? நானாக எதையும் எடுத்துக்கொள்ளவில்லை. அவர் தலையில் கட்டிவிட்டுப் போனது எனக்கு வந்து சேர்ந்திருக்கிறது. அது இந்தத் திங்கட்கிழமை அலைச்சல்தான். ஆகவே சங்கத்து அன்பர்கள் கவனிக்கவும்: பேச்சி அக்காவுக்குப் பணமோ, பணம் இல்லை என்ற எழுத்தோ கைக்கு வரும்வரை திங்கட்கிழமைகளில் என் மையம் திறக்காது. அவசரம் உள்ளவர்கள் செவ்வாய்க்கிழமை வாருங்கள். அவரவர் போனோடு அவரவரே வாருங்கள்.